அடுத்தவள் நிரையில் விழுந்த பந்து

அந்தப் பாடசாலைப் பெண்கள் அணி அதுவரை ஒரு ஆட்டத்திலும் முப்பது புள்ளி எடுத்ததில்லை. எதிரணியை எடுக்க விட்டதுமில்லை. பதினெட்டுக்குப் பதினைந்து, இருபத்திரண்டுக்கு இருபது, ஒருமுறை பதினொன்றுக்கு ஒன்பது. கூடைப்பந்து பார்க்க வந்தவர்களுக்கு அது கூடைப்பந்து மாதிரியே இருக்காது. பத்துப் பெண்பிள்ளைகள் நாற்பது நிமிடம் ஒருவரையொருவர் மறித்துக்கொண்டு நிற்பார்கள். இடையில் எப்போதாவது யாரோ தெரியாத்தனமாகப் போட்ட பந்து உள்ளே விழும்.

அவர்கள் ஆடிய மைதானம் இப்போது இல்லை. அந்த இடத்தில் மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. அப்போது அது பூண்டுலோயாவுக்கு மேலே, மலைச்சரிவை வெட்டிப் போட்ட சீமெந்துத் தளம். மூன்று பக்கம் கம்பி வேலி, நாலாவது பக்கம் ஒன்றும் கிடையாது. அந்தப் பக்கம் போகிற பந்து தேயிலைக்குள் உருண்டு கீழ் ரோட்டில் போய் நிற்கும். விட்டவள்தான் இறங்கி எடுத்து வர வேண்டும். பின்னேரம் நாலு மணிக்கு மூட்டம் இறங்கினால் இந்த வளையத்திலிருந்து அந்த வளையம் தெரியாது. வழுக்கையாகிப்போன இரண்டு பந்துகள் இருந்தன. ஆடி முடித்ததும் கன்டீன் படியில் வரிசையாக உட்கார்ந்து, ஈரத் தலையில் ஆவி பறக்க, இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணி குடிப்பார்கள். அந்த ஐந்து பேரும் இன்றைக்கு ஐந்து ஊரில் இருக்கிறார்கள். போனில் பேசினால் அந்தத் தேத்தண்ணிதான் முதலில் வரும்.

பயிற்றுவித்தவர் சிவபாதம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு வருடமான ஆசிரியர். மறிப்பதற்கு ஆளுக்கொரு பகுதி பிரித்து நிற்க வேண்டும் என்று கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினார். ஒருத்திக்கும் ஏறவில்லை. கடைசியில் அணித் தலைவி தனுஷிகா எழுந்து, "நெரை பிரிக்கிற மாதிரிதானே சேர்?" என்றாள்.

தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை கொடுப்பார்கள். இரண்டு தேயிலை வரிசைக்கு நடுவே அவள் போகிற பாதை அது. அந்த நிரையில் உள்ள கொழுந்து அவளுடையது. நல்ல கொழுந்தை விட்டுவிட்டுப் போனாலும் ஏச்சு அவளுக்கு. ஐந்து பேரும் தோட்டத்துப் பிள்ளைகள். அதற்குப் பிறகு சிவபாதம் ஒரு சொல் விளக்க வேண்டியிருக்கவில்லை. மைதானம் ஐந்து நிரையானது. அவளவள் நிரைக்குள் ஒரு பந்தும் நுழையவில்லை. இடுப்பைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நகர்வதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சறுக்குகிற மலையில் நிமிர்ந்து நடக்கிறவள் விழுந்துவிடுவாள், அவ்வளவுதான்.

தொல்லை பந்து கைக்கு வந்த பிறகுதான். வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்து யாருடைய பக்கம் விழுகிறதோ அவள்தான் எடுப்பாள். அவள் பத்தடி பின்னால் நின்றாலும் பக்கத்தில் நிற்பவள் கையை நீட்டமாட்டாள். எதிரணிக்காரி வந்து அள்ளிக்கொண்டு போவாள்.

"ஏன் பிள்ளை எடுக்கேல்லை? உன்ரை காலடியிலைதானே விழுந்தது?" என்று சிவபாதம் தலையில் கைவைப்பார்.

"அது பிரியந்தியோட நெரை சேர்."

"பந்துக்கு என்ன நெரை?"

"நீங்கதானே பிரிச்சீங்க?"

"நான் மறிக்கத்தான் பிரிச்சனான். போடுறதுக்கில்லை."

சரி சேர் என்று ஐந்து பேரும் தலையாட்டுவார்கள். அடுத்த பந்துக்கும் அதே கதைதான். கை தானாகப் பின்வாங்கும். அடுத்தவள் நிரையில் கை வைத்தவள் என்று மலையில் ஒருத்திக்குப் பேர் வந்துவிட்டால், அவள் பேத்தி காலம் வரைக்கும் அது போகாது. போடக்கூடியவள் தனுஷிகா ஒருத்திதான். அவள் நிரையில் பந்து விழுந்த நாட்களில் வென்றார்கள்.

மாகாணப் போட்டிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அவளுடைய அம்மாவைக் குளவி கொட்டியது.

சண்முகவடிவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலையில் யாரோ தேயிலைக் கிளைக்கு மேலே கிடந்த குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டார்கள். மற்றவர்கள் ஓடினார்கள். வடிவு தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து, இடுப்பில் சுற்றியிருந்த படங்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். வலது கை மட்டும் வெளியே கிடந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. வீக்கம் வடிந்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. விழுந்ததில் நரம்பும் அடிபட்டிருக்கிறது, மாதக்கணக்காகும் என்றார் டாக்டர்.

அந்தத் தோட்டத்தில் எழுதாத ஒரு சட்டம் இருந்தது. தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்தில் இருந்தால் வீட்டுக்கு ஒரு பேராவது செக்ரோல் என்ற வேலைப் பதிவில் இருக்க வேண்டும். அப்பா ஜெயகாந்தன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருந்தார். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவார். வீட்டில் இருந்த ஒரே பேர் வடிவுடையது.

மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி கெட்ட மனிதர் இல்லை. லயத்துப் பக்கம் வந்து இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், நின்றபடியே பேசினார்.

"ரெண்டு கெழமைக்கு மகள அனுப்பு வடிவு. ஒன் பேருலயே போட்டுக்கிறேன். அதுக்கு மேல துரை கேப்பாரு. அப்ப மகளோட பேரப் பதிஞ்சிரணும்."

"அது படிக்குதுங்க ஐயா."

"எனக்குத் தெரியாதா? வீட்ட விட்டுட்டு ரோட்டுலயா நிப்பீங்க? அடுத்த லயத்துல கூரை ஒழுகுதுன்னு நாலு பேரு வீட்டுக்கு அலையிறான்."

தனுஷிகா அடுத்த நாளே காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனாள். கொழுந்து மட்டம் பார்க்கிற அம்மாவின் மட்டக்கம்பு, அம்மாவின் படங்கு. காலில் உப்பும் சவர்க்காரமும் தேய்த்தும் அட்டை விடவில்லை. நாலாம் நாள் ஆள்காட்டி விரலிலும் பெருவிரலிலும் கறை ஏறிக் கோடு கோடாக வெடித்திருந்தது. பாடசாலைக்கோ பயிற்சிக்கோ போகவில்லை. போன் அடித்தது. எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் சிவபாதம் தோட்டத்துக்கே வந்துவிட்டார். குடையை மடக்கிக்கொண்டு, சப்பாத்து முழுக்கச் சேறோடு, வடிவின் வீடான லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு முன்னால் நின்றார். வடிவு எழும்பப் பார்த்தாள்.

"இருங்கோ, இருங்கோ. கைக்கு என்ன?"

"கொளவிங்க சேர். உள்ள வாங்க. அந்த மேசையில ஒக்காருங்க, கதிரைக்குக் கால் சரியில்ல."

பக்கத்து வீட்டுக் காளியாயி தேத்தண்ணி கொண்டுவந்தாள். வடிவோடு ஒரே கொழுந்துக் கூட்டத்தில் இருபது வருடம் நின்றவள். வந்தவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவருதான் புள்ளைகள ஓடவிடுற சேரா? ஆளு இவ்வளவு ஒல்லியா இருக்காரு."

"நான் ஓடுறேல்லை. அவையைத்தான் ஓட விடுறனான்," என்றார் சிவபாதம்.

"எங்க கங்காணியும் இதத்தான் சொல்லுவான்."

வடிவு சிரித்தாள். குளவி கொட்டிய பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று காளியாயி பிற்பாடு சொன்னாள்.

தனுஷிகா எங்கே என்று அவர் கேட்டார். மலையில் என்று வடிவு சொன்னாள். ஏன் என்பதையும் கண்டாக்கு சொன்னதையும் சொன்னாள். சிவபாதம் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாகாணத்திலை முதல் ரெண்டு இடத்துக்குள்ளை வந்தால் அகில இலங்கைப் போட்டிக்குப் போகலாம் அம்மா. அந்தச் சான்றிதழ் இருந்தால் உடற்கல்வி படிக்கிறதுக்கு நேர்முகத்திலை நல்ல புள்ளி குடுப்பினம். இவவுக்குப் பாடத்திலை கொஞ்சம் குறைவு. இதுதான் இவவுக்கு வழி."

"வருவாங்களா? ரெண்டாவதா?"

"அதுதான் தெரியேல்லை. மறிக்கிறதுக்கு இந்த மாகாணத்திலை இவையளைப்போல ஆக்கள் இல்லை. போடுறதுதான் ஒருநாள் வரும், ஒருநாள் வராது."

"தடுத்துக்கிட்டே நின்னாப் பத்தாதா சேர்?"

"மறிச்சால் தோக்கிறது பிந்தும் அம்மா. அவ்வளவுதான்."

வடிவு மடங்காத கையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள். சிவபாதம் பேச்சை மாற்றுகிறவர் மாதிரி, அடுத்தவள் பக்கம் விழும் பந்தை இவர்கள் எடுக்கமாட்டார்கள் என்று சலித்துக்கொண்டார். நெரை என்கிறார்கள், தனக்கு அது விளங்கவில்லை என்றார்.

காளியாயி தரையில் உட்கார்ந்தாள். "எடுப்பாளுகளா? நான் இவ நெரையில ஒரு கிள்ளு கிள்ளியிருந்தா இவ என் மூஞ்சில முழிப்பாளா?"

"மாட்டேன்," என்றாள் வடிவு.

"அப்ப ஒருத்தி பிந்தினால் என்ன செய்வியள்? அப்படியே விட்டிட்டுப் போவியளோ?"

"அதெப்படி விடுறது? கை குடுப்போம்."

"எப்பிடி?"

இரண்டு பெண்களும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டுப் பார்த்ததில்லை என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வடிவு இடது கையால் தரையில் கோடு போட்டுக் காட்டினாள்.

"என் நெரைய நான் முடிச்சிட்டேன்னு வைங்க. இவ இன்னும் பாதியில நிக்கிறா. நான் குறுக்கால பூந்து எடுக்க முடியாது. அது களவு. மேல போயி, நெரை முடியிற தலைப்புல பூந்து, இவ மொகத்தப் பாத்துக்கிட்டே கீழ வரணும். எடுக்குற கொழுந்து இவ கூடைக்குத்தான். ரெண்டு பேரும் நடுவுல சந்திப்போம்."

"கேக்கோணுமோ?"

"கேக்க மாட்டோம். மேல நின்னு பாத்தாலே தெரியும். கேட்டா அவளுக்கு வெக்கம்."

சிவபாதம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார்.

"இந்தச் சனியும் முந்தின ரெண்டு நாளும் மட்டும் பிள்ளையை விடுங்கோ," என்றார் எழும்பும்போது.

"நான் விடுறேன். அது வரணுமே."

தனுஷிகா இருட்டுகிற நேரத்துக்கு வந்தாள். அம்மாவுக்கும் மகளுக்கும் அன்றைக்கு ரொட்டிக்கும் கட்டச் சம்பலுக்கும் நடுவே நடந்த பேச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. லயத்தில் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை.

"போயிட்டு வா."

"மூணு நாளு யாரு போறது?"

"காளியாயி சித்தி மவ வரேன்னிருக்கா."

"சனிக்கெழம முடியும். திங்கக்கெழம நான் கண்டாக்கையாகிட்ட பேர் பதியிறேன்னு சொல்லிட்டேம்மா. அதுக்கு அப்புறம் பந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்குச் சம்மதம்னா போறேன்."

"எப்ப சொன்ன?"

"இன்னைக்கு. கொழுந்து நிறுக்கிற எடத்துல."

வடிவு ரொட்டியை ஒற்றைக் கையால் பிய்க்க முடியாமல் தட்டோடு தள்ளி வைத்தாள். மகள் இழுத்துப் பிய்த்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை பயிற்சியில் சிவபாதம் கரும்பலகையைத் தொடவில்லை. வளையத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "அடுத்தவளின்ரை நெரைக்குள்ளை குறுக்காலை போகவேண்டாம். தலைப்பாலை வந்து கை குடுங்கோ. எடுத்த பந்து அவளுக்குத்தான்," என்றார். ஐந்து பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாழ்ப்பாணத்து வாயில் அந்தச் சொல் வேறு மாதிரிக் கேட்டது. சுலக்ஷனா என்று குட்டையான பிள்ளை ஒருத்தி, "சேர் எப்ப கொழுந்து எடுக்கப் போனீங்க?" என்றாள்.

சிரித்து முடிந்ததும் ஆடினார்கள். பந்து பிரியந்தியின் பக்கம் தெறித்தது. அவள் பின்னால் நின்றாள். சுலக்ஷனாவின் பக்கத்தில் வேலை ஒன்றுமில்லை. அவள் வளையத்துக்கு அடியால் ஓடி, பிரியந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்து, பந்தை அள்ளி அவள் கையிலேயே கொடுத்தாள். பிரியந்தி போட்டாள். விழவில்லை. ஆனால் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அன்றைக்கு மூட்டம் முழுசாக மூடும்வரை விடாமல் ஆடினார்கள். பந்து கண்ணுக்குத் தெரியாமல் போய், சத்தத்தை வைத்துப் பிடித்தார்கள். அந்த ஐந்து பேருக்கும் அதைவிட நல்ல பின்னேரம் பிறகு வரவில்லை. மாகாணப் போட்டியைக்கூட அவ்வளவாக நினைக்க மாட்டார்கள். அந்த வியாழக்கிழமையைத்தான் நினைப்பார்கள்.

சனிக்கிழமை நுவரெலியாவில் இரண்டு ஆட்டம். காலையில் அரையிறுதி. முப்பத்தொன்றுக்குப் பதினேழு. முப்பதைத் தாண்டியதும் சிவபாதம் கடிகாரத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார், ஏதோ பிழையாக எழுதிவிட்டார்கள் என்பதுபோல. அதிலேயே இரண்டாம் இடம் நிச்சயமாகிவிட்டது.

பின்னேரம் இறுதி. கண்டிப் பக்கத்து அணி. எல்லோரும் உயரம். முதல் பாதி கை கொடுத்தல் வேலை செய்தது. இரண்டாம் பாதியில் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தலைப்பில் ஒருத்தியைக் காவலுக்கு நிறுத்தினார்கள். கடைசி நிமிடத்தில் கண்டி அணிக்கு இருபத்தாறு, இவர்களுக்கு இருபத்துநாலு. தனுஷிகாவைத் தள்ளிவிட்டதற்கு இரண்டு தண்டனை எறிதல் கிடைத்தது. முன்னால் யாரும் மறிக்கமாட்டார்கள். நின்று நிதானமாகப் போட வேண்டியதுதான். அவள் பந்தைப் பிடித்தபோது வெடித்த விரலில் பந்தின் வரி உரசியது. முதல் எறிதல் வளையத்தின் முன் விளிம்பில் பட்டுத் தெறித்தது. அடுத்தது வளையத்துக்கு எட்டவே இல்லை.

பஸ்ஸில் யாரும் அழவில்லை. நானுஓயா தாண்டியதும் சுலக்ஷனா, "ஒன் கையக் காட்டு," என்று தனுஷிகாவின் விரலை வாங்கிப் பார்த்தாள்.

"இதோடயாடி போட்ட?"

"வேற கை இருக்கா?"

"சொல்லியிருந்தா பிரியந்திய முன்னுக்கு விட்டிருப்போம்ல."

"சொன்னா என்ன ஏதுன்னு கேப்பீங்க."

"கேக்காம? லூசு." அவள் கைலேஞ்சியைக் கிழித்து விரலில் சுற்றிவிட்டாள். "அகில இலங்கைக்கு மூணு கெழம இருக்கு. அதுக்குள்ள ஆறிரும்."

தனுஷிகா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திங்கட்கிழமை விஷயம் பஸ்ஸில் வேறு யாருக்கும் தெரியாது.

அவள் லயத்துக்கு ஏறியபோது ஆறு மணி இருக்கும். கையில் இரண்டாம் இடத்துக்கான சின்னக் கேடயம். இஸ்தோப்பில் அம்மா ஒரு சாக்கை முழங்காலுக்கு நடுவே வைத்து, கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். காளியாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதவி செய்யவில்லை. வடிவு செய்ய விட்டிருக்கமாட்டாள் என்று தோன்றியது.

"என்னம்மா இது?"

"சாமான்."

"தெரியுது. எதுக்குக் கட்டுற?"

வடிவு முடிச்சை இறுக்கிவிட்டுக் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"காலையில ஆபீசுக்குப் போனேன். பேர வெட்டிட்டு வந்துட்டேன்."

தனுஷிகாவுக்கு முதலில் விளங்கவில்லை. காளியாயியைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எதுக்கு வெட்டுன?"

"வேல செய்ய முடியலன்னு எழுதிக் குடுத்தேன். வீட்டயும் மாசக் கடைசியில குடுத்துர்றேன்னு எழுதிட்டேன். கண்டாக்கையா வேணாம்னு பாத்தாரு. ரெண்டு தரம் கேட்டாரு. கையெழுத்து எடது கையில போட்டேன், கோழி கிண்டுன மாதிரி இருக்கு."

"இருபத்தாறு வருசம்மா."

"எனக்குத் தெரியாதா? நான்தான் மலையேறுனேன்."

"திங்கக்கெழம நான் பேர் பதியிறேன்னு சொன்னேன்ல?"

"வீட்டுக்காகத்தானே பதியிறேன்ன? இப்ப வீடு இல்ல. இனி எதுக்குப் பதியிற?"

தனுஷிகா கேடயத்தைத் தரையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்ப."

"அப்பாகிட்ட?"

"போன்ல சொன்னேன். கோழிய என்ன செய்யிறதுன்னு கேட்டாரு."

"கோழிய நான் பாத்துக்கிறேன்," என்றாள் காளியாயி.

"எங்க போறதாம்?"

"தலவாக்கலையில என் சின்னாத்தா மவ வீட்டுக்குப் பின்னால ஒரு அறை இருக்கு. பக்கத்துலயே புள்ளைக தங்கிப் படிக்கிற போடிங். அங்க தேத்தண்ணி ஊத்திக் குடுக்க ஆள் தேடுறாங்க. கேத்தல எடது கையிலயும் தூக்கலாம்."

"அந்த அறை எவ்வளவு பெருசு?"

"இதுல பாதி."

தனுஷிகா உள்ளே போனாள். அவள் பிறந்த காம்பரா அது. அடுப்புப் புகையில் கறுத்த சுவரில் அவளுடைய உயரத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா கீறி வைத்திருந்தார். அவர் இல்லாத பொங்கலுக்குக் கீறல் இல்லை. அவள் பாயை விரிக்காமல் வெறுந்தரையில் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவோடு ஒரு சொல் பேசவில்லை. கோபம்தான். இன்றைக்கும் அது முழுசாகப் போகவில்லை. இப்போது நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு பாடசாலையில் பிள்ளைகளை ஓடவிடுகிறாள். அம்மா செய்தது சரிதானே என்று யாராவது சொன்னால், "சரிதான். ஆனா கேட்டிருக்கணும்," என்பாள். அந்த லயத்தைப் பார்க்க இதுவரை போகவில்லை.

ஞாயிறு இருட்டினதும் எழுந்து ரொட்டி சுட்டாள். இரண்டு தட்டில் வைத்து, அம்மாவின் ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டாள். பிறகு மருந்தை எடுத்து வந்து அம்மாவின் விரல்களைப் பிடித்துவிட்டாள். அம்மா வலியில் பல்லைக் கடித்தாள்.

திங்கட்கிழமை காலை பெரட்டுச் சங்கு ஊதியது. இருவரும் விழித்துக்கொண்டார்கள். இருவரும் எழும்பவில்லை. லயம் முழுக்கக் கதவுகள் திறந்தன. யாரோ இருமினார்கள், யாரோ பிள்ளையை ஏசினார்கள், தண்ணீர்ப் பீலியில் வாளி இடித்தது. பக்கத்து வீட்டில் காளியாயி செருப்பை உதறிப் போட்டுக்கொள்வது கேட்டது. இருபது வருடமாக இவர்கள் வாசலில் நின்று, "வடிவு, கெளம்பு," என்பாள்.

காலடி கதவுக்கு முன்னால் வந்து நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒன்றும் சொல்லாமல் மேலே ஏறிப் போனது.